நித்தியகல்யாணியின் இலைக்குள்

கம்பவுண்டுச் சுவர் இடுக்கிலும், தண்டவாள ஓரத்திலும், சுடுகாட்டுத் திட்டிலும் ஒரே மாதிரி பூத்துக்கொண்டு நிற்கிற செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்று பெயர் ஊருக்கு ஊர் மாறும், பூ மாறாது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். ஆடு வாய் வைக்காது. சித்திரை வெயிலில் பக்கத்துச் செடியெல்லாம் சுருண்டு கிடக்கும்போதும் இது நாலு பூவாவது வைத்திருக்கும். இவ்வளவு எளிதில் கிடைப்பதாலேயே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குனிந்தால் நேரம் போவது தெரியாது.

பூவிலிருந்தே தொடங்கலாம். ஐந்து இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்த இதழின்மேல் ஏறி, மறுபக்கம் முந்தைய இதழுக்கு அடியில் புகுந்திருக்கிறது. அதனால் மொட்டாக இருக்கையில் முறுக்கிக்கொண்டு நிற்கும். விரிந்தபின் ஐந்தும் ஒரே திசையில் சுழலத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட தோற்றம் தரும். நடுவே ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றி நிறம் அடர்ந்த ஒரு வட்டம். சில வெள்ளைப் பூக்களில் அந்த வட்டம் ரத்தச் சிவப்பு. துளைக்குக் கீழே இரண்டரை மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய குழாய். தேன் அடியில் இருக்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும்.

குழாயைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். மகரந்தப் பைகள் ஐந்தும் சூல்முடியின் தலைக்கு மேலே கூடாரமாகக் கூடி நிற்கும். மகரந்தம் உதிர்வது சூல்முடியின் உச்சியில். ஆனால் அதை ஏற்கும் இடம் உச்சியில் இல்லை, தலையின் கீழ்விளிம்பில் இருக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடவிடாமல் வைத்திருக்கிறது செடி. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலைக்குள் போனால் இதே வேலையை மூலக்கூறு அளவில் செய்திருப்பதைப் பார்க்கலாம்.

செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். கப்பல்களோடு கப்பலாக வெப்பநாடுகள் முழுக்கப் பரவியது. 1759-இல் லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது ஐரோப்பாவில் அது தோட்டத்துப் பூ. குடும்பமோ அரளிக் குடும்பம். காம்பைக் கிள்ளினால் பால் வடியும் என்பதும், அந்தக் குடும்பத்தில் பால் வடிவது எதுவும் விளையாட்டுக்குரியது இல்லை என்பதும் நம்மூரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். நித்தியகல்யாணியில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு புற்றுநோய் வார்டுக்குப் போய்விட்டன: வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின்.

இந்தச் செடியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ. உண்மைதான், மலைக்க வைக்கிறதுதான். ஆனால் இந்தச் செடியைப் பற்றிய செய்திகளிலேயே ருசி குறைந்தது இதுவென்பேன். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டு உள்ளே போனால்தான் நயம் இருக்கிறது.

அதற்கு முன், கண்டுபிடித்த கதை. 1952-இல் கனடாவின் டொரன்டோவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள் 25. அங்கே சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று ஒரு நோயாளி அனுப்பிவைத்தது. வந்து சேர்ந்த விலாசம் சரியான விலாசம்; இன்சுலின் ஆராய்ச்சியின் தொடக்க நாள்களில் டொரன்டோவில் அந்தக் குழுவோடு வேலை பார்த்தவர் அவர். ஓய்வுபெறும் வயதில் இருந்ததால் உறையைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார். ராபர்ட், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

எலிகளுக்கு வாய்வழியே சாற்றைக் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசி வழியே ஏற்றினார்கள். அப்போதும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் ஒரு வாரம் போல ஆனதும் எலிகள் செத்தன. அறுத்துப் பார்த்தால் உடம்பெங்கும் சீழ்க்கட்டிகள். நல்ல எலியைச் சாய்க்க வக்கில்லாத பாக்டீரியா வகை ஒன்று அவற்றைத் தின்று தீர்த்திருந்தது. ரத்தத்தை எண்ணினார்கள். வெள்ளணுக்கள் சரிந்து கிடந்தன. எலும்பு மஜ்ஜை வறண்டிருந்தது.

இங்கே நின்று ரசிக்க ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து தேடியவன் பார்வையில் இது தோற்றுப்போன சோதனை. எலி செத்தது என்று எழுதிவிட்டு அடுத்த மூலிகைக்குப் போயிருக்கலாம். ராபர்ட் நோபிள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: வெள்ளணுவை இப்படி அழிக்கிற ஒன்று, வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் நோயில் என்ன செய்யும்? வேதியியலாளர் சார்லஸ் பியர் வந்து சேர்ந்தார். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எலியின் வெள்ளணு எண்ணிக்கையை வைத்தே சோதித்துச் சோதித்து, கடைசியில் வெள்ளைப் படிகமாக வின்பிளாஸ்டினை எடுத்தார். 1958-இல் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் இதைப் படித்தபோது கட்டுரைத் தலைப்பிலேயே 'தற்செயல்' என்ற சொல்லை வைத்தார்கள். அடக்கம் அது. உறை வந்தது தற்செயல்; செத்த எலியின் ரத்தத்தை எண்ணியது தற்செயல் இல்லை.

அதே கூட்டத்தில் எலை லில்லி நிறுவனத்து கார்டன் ஸ்வோபோடாவும் இருந்தார். பிலிப்பைன்ஸில் சர்க்கரைக்கு இதே இலையைப் பயன்படுத்துவதாகக் கேள்விப்பட்டு அவர்களும் அதே செடியை எடுத்திருந்தார்கள். அவர்கள் வழக்கமாக வைத்துப் பார்க்கும் ரத்தப்புற்று எலிகள் சாற்றைக் கொடுத்ததும் கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன. இரு தரப்பும் கை கோத்தன. வின்பிளாஸ்டின் 1961-இலும், ஸ்வோபோடா குழு பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இலும் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றன. மடகாஸ்கருக்கு இதில் ஒரு காசு வரவில்லை. ஜமைக்காவில் கஷாயம் குடித்தவர்களுக்கும்தான்.

இனி மூலக்கூறுக்கு வருவோம். வின்பிளாஸ்டின் ஒரே உருவம் இல்லை. இரண்டு ஆல்கலாய்டுகளை ஒட்டிச் செய்தது. ஒன்று விண்டோலின், மற்றது காத்தரந்தின். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது இனிக்கும். விண்டோலினில் 65 அணுக்கள், காத்தரந்தினில் 49. கூட்டினால் 114. வின்பிளாஸ்டினில் இருப்பவை 117. மிச்சமுள்ள மூன்றும் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அதாவது ஒரே ஒரு நீர் மூலக்கூறு. இரண்டு பாதியையும் சேர்த்து, அதன்மேல் ஒரு தண்ணீர்! எதுவும் வீணாகாமல் கணக்கு முடிந்துவிடுகிறது.

தனித்தனியாக இந்தப் பாதிகள் ஏறக்குறைய சாது. செல் பிரிவதைத் தடுக்கும் வலிமை விண்டோலினிடமும் பெரிதாக இல்லை, காத்தரந்தினிடமும் இல்லை. ஒட்டினால்தான் நஞ்சு.

இதைவிட அழகான செய்தி 2018-இல் வந்தது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓகானர் குழு, வின்பிளாஸ்டின் தயாரிப்பு வரிசையில் அதுவரை பிடிபடாமலிருந்த நொதிகளைப் பிடித்தது. அந்த இடத்தில் செடி ஒரு மூலக்கூறைச் செய்கிறது. நிலைத்து நிற்கத் தெரியாதது, கையில் பிடித்து வைக்க முடியாதது. ஒரு நொதி அதை ஒரு பக்கமாக மடித்து வளையம் போட்டால் காத்தரந்தின். இன்னொரு நொதி அதே மூலக்கூறை வேறு பக்கமாக மடித்தால் டாபர்சோனின். அதற்கு மேல் இன்னும் ஏழு படி செதுக்கினால் விண்டோலின். ஆக, இரண்டு பாதிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மடிப்பு மாறியதால் முகமே தெரியாமல் பிரிந்து, வேறு வேறு வீட்டில் வளர்ந்து, கடைசியில் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. ஒரே மூலப்பொருளிலிருந்து ஒட்டும் இரண்டு துண்டையும் எடுக்கத் தெரிந்த தச்சுவேலை இது. மனிதக் கை இந்தச் சிக்கனத்தை எட்டியதில்லை.

வேறு வேறு வீடு என்றேனே, அது அலங்காரப் பேச்சு இல்லை. இந்த வேலை முழுக்க ஒரே செல்லுக்குள் நடப்பதில்லை. சுமார் 30 படிகள். அவை இலையின் மூன்று விதமான செல்களுக்குள் பங்குபோடப்பட்டிருக்கின்றன. முதல் படிகள் நரம்பையொட்டி, சர்க்கரைச் சாறு ஓடும் ஃபுளோயத்துக்குப் பக்கத்துச் செல்களில் நடக்கின்றன. அரைகுறைப் பொருள் அங்கிருந்து கிளம்பி இலையின் புறத்தோலுக்கு வருகிறது. நடு வேலை முழுக்க அங்கே. பிறகு விண்டோலினுக்கான கடைசிப் படிகளுக்காக மறுபடியும் உள்ளே, பால் ஓடும் செல்களுக்கும், இடியோபிளாஸ்ட் எனப்படும் தனிச்செல்களுக்கும் போகிறது. இலைச் சதையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்து உட்கார்ந்திருப்பவை இந்த இடியோபிளாஸ்ட்டுகள். புறஊதா ஒளியில் மற்ற செல்களெல்லாம் பச்சையத்தின் சிவப்பில் இருக்க, இவை மட்டும் நீலமாக ஒளிரும்.

கடைசிப் படிகளுக்கு வெளிச்சமும் வேண்டும். இருட்டில் முளைக்கவைத்த நாற்றில் டாபர்சோனின் தேங்கி நிற்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் விண்டோலினாக மாறத் தொடங்கும். செடியை விட்டுவிட்டுச் செல்களை மட்டும் குடுவையில் வளர்த்து மருந்தெடுத்துவிடலாம் என்று பல ஆண்டுகள் முட்டி மோதிப் பார்த்தார்கள். காத்தரந்தின் வந்தது, விண்டோலின் வரவில்லை. இலையாக இருந்தால்தான் செய்வேன் என்று செல்கள் சொல்லிவிட்டன. நம் தென்மாவட்டங்களில் மானாவாரியாக நித்தியகல்யாணி போடுகிறவர்கள் இலையைத் தனியாகவும் வேரைத் தனியாகவும் விற்பார்கள். வேரில் விண்டோலின் இருக்காது, ஆகவே வின்பிளாஸ்டினுக்கு இலைதான் கதி. வேரை வாங்குவது அஜ்மலிசின் என்ற, ரத்த ஓட்டத்துக்கான வேறொரு ஆல்கலாய்டுக்காக. வியாபாரியின் இரண்டு சாக்குகளும் செல் உயிரியலைத்தான் பிரித்துக் கட்டி வைத்திருக்கின்றன.

புறத்தோலில் நடப்பதை எப்படிக் கண்டார்கள் என்பதே ஒரு சுவை. ஒன்டாரியோவிலேயே, பிராக் பல்கலைக்கழகத்தில், வின்சென்சோ டி லூக்காவின் ஆய்வகம். இலையின் மேல்தோலை மட்டும் தனியே எடுக்க அவர்கள் பயன்படுத்தியது சாணைக்கல்லுக்கான கார்போரண்டம் தூளும் பஞ்சும். பஞ்சில் தூளைத் தொட்டு இலைமேல் பக்குவமாகத் தேய்த்தால் மேலுள்ள ஒரு வரிசைச் செல்கள் மட்டும் உடைந்து சாறு விடும். அடியில் உள்ளவை அப்படியே இருக்கும். கை கொஞ்சம் அழுந்தினால் போச்சு. அதைவிட எளிய சோதனை ஒன்றையும் செய்தார்கள். இலையைக் குளோரோஃபார்மில் சற்று முக்கி எடுத்தார்கள். செல்கள் உடையாது, மேற்பரப்பு மெழுகு மட்டும் கரையும். அந்த மெழுகில் காத்தரந்தின் இருந்தது, விண்டோலின் இல்லை. விண்டோலின் இலைக்குள் பத்திரமாக இருந்தது. 2010-இல் இது வெளியானது. ஒரு பாதியை வீட்டுக்கு வெளியே மெழுகில் பூசிவிட்டு, மறுபாதியை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது செடி. அதனால்தான் இரண்டும் ஒட்டிய பொருள் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்று படித்தபோது, அந்த 500 கிலோ கணக்குக்குப் பின்னால் ஒரு கதவும் தாழ்ப்பாளும் தெரிந்தன. மூன்று ஆண்டு கழித்து, காத்தரந்தினை வெளியே தள்ளுகிற கடத்திப் புரதத்தையும் அதே ஆய்வகம் காட்டியது.

அறிவியல் இவ்வளவு வாகான கதையோடு நிற்பதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒற்றைச் செல்லின் சாற்றை உறிஞ்சி நிறைமானியில் போட்டுப் பார்த்தார்கள். ஓகானர் குழு ஜெர்மனியின் யெனா நகருக்கு இடம் மாறியபின், இலைச் செல்களை ஒவ்வொன்றாக ரோபோவால் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு விழித்திருக்கிறது, எந்தச் சரக்கு இருக்கிறது என்று பட்டியல் போட்டது; 2023-இல் அது வந்தது. அதன்படி, இடியோபிளாஸ்ட்டுக்குள் விண்டோலினோடு காத்தரந்தினும் செறிவாகவே இருக்கிறது. சுவருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்ற கதை அப்படியே நிற்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. இரண்டும் ஒரே அறைக்குள், முட்டும் அளவுக்கு நெருக்கமாக இருந்தும், ஒட்டியது சொற்பத்திலும் சொற்பம் என்றால், அது இன்னும் நுட்பமான நிறுத்திவைப்பு. மெழுகில் இருப்பதும் பொய் இல்லை, அறைக்குள் இருப்பதும் பொய் இல்லை.

இதே நிறுத்திவைப்பு இன்னோரிடத்தில் வெடிகுண்டாகவே இருக்கிறது. வரிசையின் நடுவில் ஸ்ட்ரிக்டோசிடின் என்றொரு பொருள். அதைச் செடி செல்லின் வாக்குவோல் என்ற பைக்குள் போட்டு வைக்கிறது. அதிலிருந்து சர்க்கரையைக் கழற்றும் நொதி இருப்பதோ செல்லின் உட்கருவில். இரண்டுக்கும் நடுவே சவ்வுகள். சிறிது சிறிதாகத் தேவைக்கு மட்டும் பொருள் வெளியே விடப்படுகிறது. ஒரு புழு வந்து இலையைக் கடித்து மென்றால் சவ்வுகள் எல்லாம் கிழிகின்றன, நொதியும் பொருளும் ஒரே நொடியில் கலக்கின்றன. சர்க்கரை கழன்ற ஸ்ட்ரிக்டோசிடின் கண்ட புரதத்தையெல்லாம் பற்றிப் பின்னி முடிச்சுப் போட்டுவிடும். புழுவின் வாயிலேயே திரி பற்றவைக்கிற ஏற்பாடு. ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்று இனிக் கேட்கத் தோன்றாது.

சரி, ஒட்டிய மூலக்கூறு மனித உடம்புக்குள் என்ன செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் வேண்டும். டியூபுலின் என்ற புரதத்தின் ஆல்பா, பீட்டா இரட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டு, அப்படி 13 வரிசை வட்டமாகச் சேர்ந்து 25 நானோமீட்டர் விட்டத்தில் ஆன குழல் அது. ஒரு மைக்ரான் நீளத்துக்கே 1,600-க்கு மேல் இரட்டைகள். கட்டி முடித்த குழல் என்று ஒன்று கிடையாது. நுனியில் கூடிக்கொண்டும் உதிர்ந்துகொண்டுமே இருக்கும். அந்த அலைச்சலில்தான் குரோமோசோமைத் தேடிப் பிடிக்கிறது.

வின்பிளாஸ்டின் அந்த நுனியில் போய் உட்காருகிறது. ஆயிரக்கணக்கான இரட்டைகள் உள்ள ஒரு குழலின் அலைச்சலை மட்டுப்படுத்த ஒன்றிரண்டு மூலக்கூறு போதும். எங்கே உட்காருகிறது என்பதை 2005-இல் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு காட்டியது: ஓர் இரட்டைக்கும் அடுத்த இரட்டைக்கும் நடுவிலுள்ள மூட்டில். நேராக நிற்க வேண்டிய அடுக்கை அது ஆப்பாகச் செருகி வளைத்துவிடுகிறது. வளைந்த வரிசை குழலாகச் சேராது. மருந்தின் அளவைக் கூட்டினால் டியூபுலின்கள் குழலாவதை விட்டுவிட்டுச் சுருள் சுருளாகி, செல்லுக்குள்ளேயே படிகமாகக் கட்டி நின்றுவிடும். இரண்டு பாதி ஒட்டிய மூலக்கூறு, இரண்டு புரதங்கள் சேரும் மூட்டைத் தேடிப் போய்ச் சேரவிடாமல் செய்கிறது. செடிக்கு இது தெரிந்து செய்ததில்லை. நமக்கு அந்தப் பொருத்தம் ரசிக்கக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த டியூபுலினை முதலில் அடையாளம் கண்டதற்கும் ஒரு செடிதான் காரணம். 1960-களில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கொல்கிசின் என்ற தாவர நஞ்சைத் தூண்டிலாகப் போட்டு அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். கொல்கிசின் நம் செங்காந்தளிலும் உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று கம்பி கட்டிப் படரவிட்டு விதை எடுப்பது அதற்காகத்தான். காந்தளும் நித்தியகல்யாணியும் ஒரே புரதத்தை வேறு வேறு இடத்தில் பிடிக்கின்றன.

இப்போது வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நயம் பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை. கார்பன் 46, நைட்ரஜன் 4, இரண்டுக்கும் ஒன்றே. விண்டோலின் பாதியில் ஒரு நைட்ரஜனில் தொங்குகிற ஒற்றைக் கார்பனில்தான் வேறுபாடு. வின்பிளாஸ்டினில் அந்தக் கார்பன் மூன்று ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறது. வின்கிரிஸ்டினில் இரண்டு ஹைட்ரஜன் போய், அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன். 117 அணுவில் நடந்த மாற்றம் இவ்வளவே. தொழிற்சாலைகளில் வின்பிளாஸ்டினை எடுத்து இந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி வின்கிரிஸ்டின் ஆக்குவதும் இதனால்தான் சாத்தியமாகிறது.

ஆனால் வார்டில் இரண்டும் வேறு வேறு மருந்து. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்கான மருந்துக் கூட்டணியில் இருக்கிறது. கைவைக்கும் இடம் எலும்பு மஜ்ஜை, வெள்ளணு இறங்கும், ராபர்ட் நோபிளின் எலிகளுக்கு இறங்கியதைப் போலவே. வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப்புற்றில் 1960-களின் தொடக்கத்திலேயே கூட்டு மருந்தில் சேர்ந்துவிட்டது. மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது என்பதால் மஜ்ஜையைத் தாக்கும் மற்ற மருந்துகளோடு தைரியமாகச் சேர்க்கலாம். அது பழிவாங்குவது நரம்பில். கால்விரல் மரத்துப்போகும், கணுக்காலில் சுத்தியலால் தட்டினால் துள்ளல் வராது, சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படும், மலச்சிக்கல் வாட்டும். முதலில் கால்விரலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முதுகுத்தண்டிலிருந்து பெருவிரல் வரை ஓடுகிற நரம்பு இழைதான் உடம்பிலேயே நீளமானது. அதன் வழியே சரக்குப் போக்குவரத்து நடப்பது நுண்குழல் தடத்தில். தடம் கெட்டால் கடைசி ஊருக்குத்தான் முதலில் பஞ்சம்.

மருந்தறையில் வின்கிரிஸ்டின் குப்பியைப் பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஃபிரிட்ஜில், வெளிச்சம் படாமல் இருக்கும். பெரியவர்களுக்கும் ஒரு தவணைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. விரல் நுனியில் ஒட்டினால்கூடத் தெரியாத எடை. சிரையில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று குப்பியிலேயே எச்சரிக்கை இருக்கும். முதுகுத்தண்டு நீரில் தவறிப் போட்டால் உயிர் போய்விடும். அந்தத் தவறு உலகில் பலமுறை நடந்திருப்பதால்தான், சிரிஞ்சில் வைக்காதே, சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. முதுகில் பையைக் கொண்டுபோய் யாரும் மாட்டமாட்டார்கள்! சிரையிலிருந்து கசிந்தாலும் சதை வெந்துபோகும். ஊசி குத்திய இடத்தை விட்டு நர்ஸ் கண்ணை எடுக்கமாட்டார். சர்க்கரைக்கு நல்லது என்று இந்த இலையை அரைத்து விழுங்குகிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. ரத்தச் சர்க்கரை அசையவில்லை என்பதை 1950-களின் எலிகளே சொல்லிவிட்டன. மற்றதையும் அவை சொல்லியிருக்கின்றன.

வேதியியலாளர்களும் இந்தச் சின்ன மாற்றங்களின் ருசி கண்டுவிட்டார்கள். பிரான்சில் பியர் போத்தியே, காத்தரந்தினையும் விண்டோலினையும் குடுவையில் ஒட்டும் வழி கண்டவர்களில் ஒருவர். அந்த வழியிலேயே கொஞ்சம் நகர்ந்து, காத்தரந்தின் பாதியின் ஒரு வளையத்திலிருந்து ஒரே ஒரு கார்பனை உருவி எடுத்தார். அதுதான் வினோரெல்பின், நுரையீரல், மார்பகப் புற்றுகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். நரம்பைத் தொடுவது வின்கிரிஸ்டினைவிடக் குறைவு.

கடைசியாக ஈஸ்ட். ரொட்டியைப் பொங்கவைக்கும் அதே இனத்து நுண்ணுயிருக்கு, இலையின் வேலை முழுவதையும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று டென்மார்க்கில் ஜே கீஸ்லிங், மைக்கேல் ஜென்சன் குழு முயன்றது. 2022-இல் முடித்துக் காட்டினார்கள். ஈஸ்ட்டின் மரபுத்தொகுதியில் 56 இடங்களில் கைவைத்து, தாவரங்களிலிருந்து 34 மரபணுக்களைக் கொண்டுவந்து நட்டு, மூன்று விதச் செல்கள் பங்குபோட்டுச் செய்ததை ஒரே செல்லின் தலையில் சுமத்தினார்கள். விண்டோலின் வந்தது, காத்தரந்தினும் வந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஈஸ்ட்டின் பொறுப்பு அதோடு முடிந்தது. இரண்டையும் வடித்தெடுத்துச் சோதனைக் குழாயில் ஒட்டி வின்பிளாஸ்டின் ஆக்கியவர்கள் வேதியியலாளர்கள். மகத்தான வேலை, சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரையின் வரைபடத்தை, ஒரே வட்டத்துக்குள் 30 அம்புக்குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, அதே அம்புகள் நரம்போரம், தோல், தனிச்செல் என்று இடம்விட்டு இடம் நடக்கும் இலையின் படம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஈஸ்ட் தொட்டியில் அந்தப் பொருள்களைத் தள்ளிவைக்க மெழுகும் கிடையாது, தனிச்செல்லும் கிடையாது. ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கே வந்து விழுந்து, வேண்டாத கிளைப்பொருள்களாகக் கணிசமாக வீணாகிறது. அந்தக் கசிவை அடைக்கத்தான் அவர்கள் ஈஸ்ட்டின் சொந்த மரபணுக்கள் சிலவற்றையும் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டியிருந்தது.